இல்லத்தில் பயின்ற பிள்ளைக்கு ஏற்ற கல்லூரி எது?

(பிலாய் நகரத் தமிழன்பர்கள் கூடிய ஆண்டு விழாவில் பெற்றோர் இருவர் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



பாட்டும் நாடகமும் திரைக்குப் பின்னே காத்திருக்கும் வேளையில், விண்ணப்பப் படிவங்களைப் பற்றிப் பேச வந்திருக்கும் எங்களைப் பொறுத்தருள வேண்டுகிறோம். செயலாளர் அவர்கள் எங்கள் இல்லத்திற்கு வந்து, "உங்கள் மகளைப் பள்ளிக்கு அனுப்பாமலே படிக்க வைத்தீர்கள், இன்று அவள் கல்லூரியில் பயில்கிறாள், இடையில் பட்ட பாட்டைச் சங்கத்தாருக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டுக் கொண்டார். வெற்றிக் கதை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. நாங்கள் தவறிய இடங்களைச் சொல்லும் தகுதி மட்டும் உண்டு. அதனால்தான் இசைந்தோம்.

1959ஆம் ஆண்டில் இங்கே முதல் ஊதுலை எரியத் தொடங்கிய நாள்தொட்டு, தென்னாட்டிலிருந்து வந்து குடியேறியவர் நாம். பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டே நம்மவர் இந்த ஆலையின் வெப்பத்தைத் தாங்கினர். பக்கத்து வீட்டுப் பையன் பன்னிரண்டாம் வகுப்பு எழுதினால், மறுநாள் காலையில் தயிர் வாங்கும் இடத்தில் நாம் கேட்கும் முதற்கேள்வி, "எந்தக் கல்லூரி?" என்பதே. பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்விக்கு விடை தேடப் பலர் துணை நிற்கின்றனர். ஆசிரியர் சொல்வார், உடன் படிப்போர் சொல்வர், பள்ளி அலுவலகமே பாதி வேலையை முடித்துவிடும். இல்லத்தில் பயிலும் பிள்ளைக்கோ ஆசிரியரும், அலுவலகமும், அறிவிப்புப் பலகையும் பெற்றோரே. பெற்றோர் அறியாததை அந்தப் பிள்ளைக்கு அறிவிப்பார் எவரும் இலர். இதனை நாங்கள் காலம் கடந்தே உணர்ந்தோம்.

எங்கள் மகள் ஐந்தாம் வகுப்பில் மூச்சுத் திணறலால் பள்ளியை விட்டு நின்றாள். ஓராண்டுக்கு மட்டும் என்றுதான் தொடங்கினோம். நோய் தணிந்த பின்னரும் அவளுக்கு வீட்டுப் படிப்பே பிடித்திருந்தது. காலையில் கணக்கும் ஆங்கிலமும். மாலையில் அவள் விரும்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கத்தின் தமிழ் வகுப்பு. மரோதா நீர்த்தேக்கத்தின் கரைக்குச் சென்று, வந்திறங்கும் பறவைகளை நாள், நேரம், எண்ணிக்கையுடன் குறித்து வைப்பது அவள் வழக்கமாயிற்று. நான்கு ஆண்டுகளில் ஏழு குறிப்பேடுகள் நிறைந்தன. அவற்றை நாங்கள் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தோம். அதுவே எங்கள் முதற்பிழை. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

பதினான்கு வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் அவளைப் பதிவு செய்தோம். இந்த நிறுவனத்தைப் பற்றி நம்மிடையே பல ஐயங்கள் உலவுகின்றன. 1979இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு திட்டமாகப் பிறந்து, 1989இல் தனி நிறுவனமாகி, 2002இல் இன்றைய பெயரைப் பெற்ற இது, மத்திய அரசைச் சார்ந்த தேசியக் கல்வி வாரியங்களுள் ஒன்று. பள்ளி வாசலையே மிதியாத பிள்ளையும், இந்தப் பாடங்களைத் தொடரும் அளவுக்குக் கற்றிருப்பதாகத் தானே உறுதி கூறிப் பத்தாம் வகுப்பு நிலையில் சேரலாம். ஐந்து பாடங்கள் போதும். கூடுதலாக இரண்டு எடுத்துக் கொள்ளலாம். ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பர் மாதங்களிலும், பொதுத் தேர்வு நடைபெறும். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்தாண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். பத்தாம் வகுப்புப் பாடப் பட்டியலில் தமிழும் உண்டு என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. எங்கள் மகள் அதனை எடுத்தே எழுதினாள்.

இத்துணை வசதியைக் கண்டு நாங்கள் மயங்கிவிட்டோம். சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் எந்தக் கதவும் தானே திறக்கும் என்று நம்பினோம். அதன் பின்னர்த்தான் ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனித் தாழ்ப்பாள் உண்டு என்பதைக் கற்றோம்.

முதலில் பொறியியற் கல்லூரிகளை எடுத்துக் கொள்வோம். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நிறுவனங்களில் சேர ஜே.இ.இ. தேர்வு மதிப்பெண் மட்டும் போதாது. பன்னிரண்டாம் வகுப்பில் பொதுப் பிரிவினர் 75 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும்; அல்லது தத்தம் வாரியத்தில் தேறியோருள் முதல் இருபது விழுக்காட்டினருள் இருக்க வேண்டும். ஐ.ஐ.டி.க்குரிய மேல்நிலைத் தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைக்கு மேல் எழுத இயலாது. அந்த ஆண்டுகளும், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முதன்முதலாக எழுதிய ஆண்டிலிருந்தே எண்ணப்படும். இல்லத்தில் பயிலும் பிள்ளைகள் சிலர் ஆர்வ மிகுதியால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முற்கூட்டியே எழுதிவிடுவர். அதனை நாம் பெருமையாகவும் சொல்லிக் கொள்வோம். அந்தப் பெருமை, நுழைவுத் தேர்வுக்குரிய காலத்தை ஓசையின்றிக் கரைத்துவிடக் கூடும். மருத்துவத்திற்குரிய நீட் தேர்விலும் இத்தகைய வரம்பு ஒன்று உண்டு: சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளுக்குள் பதினேழு வயது நிறைய வேண்டும். ஆதலால் விரைந்து முடிப்பது எப்பொழுதும் நன்மை பயப்பதன்று.

அடுத்து, மாநிலம் பற்றிய செய்தி. புலம்பெயர்ந்து வாழும் நம்மனோர் இதனைக் கூர்ந்து கேட்க வேண்டுகிறோம். என்.ஐ.டி. நிறுவனங்களில் இடங்களில் பாதி, அந்த நிறுவனம் அமைந்துள்ள மாநிலத்து மாணவர்க்கு உரியது. அந்த மாநிலம் எது என்பதை, நம் பூர்வீகத்தைக் கொண்டோ தாய்மொழியைக் கொண்டோ முடிவு செய்வதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை எங்கே முடித்தோம் என்பதைக் கொண்டே முடிவு செய்கின்றனர். ஆகவே பிலாயில் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு ராய்ப்பூர் என்.ஐ.டி. சொந்த மாநிலம், திருச்சிராப்பள்ளி வெளிமாநிலம். திறந்தநிலைப் பள்ளியில் பயின்றவர்க்கோ, அவர் பதிவு செய்த படிப்பு மையம் எந்த மாநிலத்தில் உள்ளதோ அதுவே சொந்த மாநிலம்.

எங்கள் மகள் மேல்நிலைக்குப் பதிவு செய்த காலத்தில், அலுவல் காரணமாக நாங்கள் நாக்பூரில் தங்கியிருந்தோம். வீட்டிற்கு அருகில் இருந்த மையத்தைக் குறித்துக் கொடுத்தோம். அரை நிமிட வேலை. அடுத்த ஆண்டே பிலாய்க்குத் திரும்பிவிட்டோம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கலந்தாய்வுப் படிவத்தில் அவளுடைய மாநிலம் மகாராஷ்டிரம் என்று வந்தபோது, ஏதோ கணினிப் பிழை என்றே எண்ணினோம். பிழை கணினியில் இல்லை. பிறந்தது முதல் பெரும்பகுதியும் இந்தச் சத்தீஸ்கர் மண்ணில் வளர்ந்தவள், ராய்ப்பூரில் வெளிமாநிலத்தாரோடு நின்று போட்டியிட நேர்ந்தது. அவள் பெற்ற தர வரிசையில் ராய்ப்பூரின் சொந்த மாநிலத்தார்க்கு இடம் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. அன்றிரவு எங்கள் வீட்டில் எவரும் உண்ணவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். பெருநகர்க் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்து, சான்றிதழ்களுடன் சென்றோம். பெயர் வேண்டா. சாளரத்தில் இருந்தவர் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கேட்டார். திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், இடப்பெயர்வுச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் ஒன்றாக அமைந்த தாள் ஒன்றை மதிப்பெண் பட்டியலுடன் வழங்குகிறது. அதனை நீட்டினோம். "இதில் பள்ளியின் பெயரே இல்லையே" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். மேலதிகாரியைக் கண்டு, விளக்கி, எழுத்துமூலம் ஒப்புதல் பெறுவதற்குள் அன்றைய பொழுது கழிந்தது. சேர்க்கைக்கான கடைசி நாளும் அதுவே. அவர்மீது எங்களுக்குச் சினம் இல்லை. அத்தகைய தாளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள்தாம் பத்து நாள் முன்னதாகவே கடிதம் எழுதி, "இந்தச் சான்றிதழை ஏற்பீர்களா?" என்று கேட்டு, மறுமொழியைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு அடிகளுக்குப் பிறகு, ஒருநாள் இரவு, எங்கள் மகள் நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் ஏதோ எழுதிக் கொண்டு வந்தாள். "அப்பா, நீங்களும் அம்மாவும் பதினெட்டுக் கல்லூரிகளின் பெயரை எழுதினீர்கள். அங்கே நான் என்ன படிக்கப் போகிறேன் என்று ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லையே" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எங்களை மிகவும் வருத்தியது. ஏழு ஆண்டுகள், அவள் என்ன கற்க விரும்புகிறாள் என்பதைக் கேட்டுக் கேட்டே நடத்திய படிப்பு அது. கல்லூரி என்றவுடன் நாங்கள் அந்தக் கேள்வியைக் கைவிட்டு, தயிர் வாங்கும் இடத்துக் கேள்வியைப் பிடித்துக் கொண்டோம்! அந்தப் பதினெட்டும் ஊரார் வியக்கும் பெயர்கள். பறவைக் குறிப்பேடு ஏழும் அலமாரியின் மேல் தூசு படிந்து கிடந்தன.

அவள் எழுதி வந்தவை மூன்று கேள்விகள். இன்று உங்களுக்கு நாங்கள் தரக்கூடிய பொருள் அவையே.

முதற்கேள்வி: "நான் கற்க விரும்புவதை அங்கே முதலாண்டிலிருந்தே கற்பிப்பார்களா?" இல்லத்தில் பயின்ற பிள்ளை, விருப்பத்தின் வழியே நடந்து பழகியது. விருப்பமில்லாப் பாடத்தை நான்கு ஆண்டுகள் பல்லைக் கடித்துக் கொண்டு படிக்கும் பயிற்சி அதற்குக் குறைவு. இதனைக் குறை என்பாரும் உளர். இயல்பு என்பதே எங்கள் கருத்து. எனவே கல்லூரியின் பெயரைப் பார்க்குமுன் அதன் பாடத்திட்டத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: "அவர்கள் என்னை எதைக் கொண்டு அளப்பார்கள்?" இங்கேதான் கல்லூரிகளை வகைப்படுத்திப் பார்க்கும் தேவை எழுகிறது. பொது நுழைவுத் தேர்வால் அளப்பவை ஒரு வகை. 2022 முதல் மத்தியப் பல்கலைக் கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு க்யூட் என்னும் தேர்வு நடைபெறுகிறது. தமிழ் உட்படப் பதின்மூன்று மொழிகளில் அதனை எழுதலாம். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக் கழகத்திற்கும் அதுவே வழி. ஆனால் டில்லிப் பல்கலைக் கழகம் போன்றவை, பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களிலேயே அந்தத் தேர்வையும் எழுதியிருக்க வேண்டும் என்கின்றன. ஆதலால் பதினைந்து வயதில் எடுக்கும் ஐந்து பாடங்கள், பதினெட்டு வயதில் திறக்கும் கதவுகளை முடிவு செய்துவிடுகின்றன. தாமே தேர்வு நடத்தித் தாமே அளப்பவை மற்றொரு வகை. போபால், புனே, பிரம்மபூர் முதலிய இடங்களில் உள்ள ஐசர் அறிவியல் நிறுவனங்களும், சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனமும் இந்த வகையைச் சார்ந்தன. தேர்வோடு நேர்முகமும் கண்டு, பிள்ளை தானாகச் செய்த பணிகளைக் கேட்டறிபவை வேறொரு வகை. பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக் கழகத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

மதிப்பெண்ணை மட்டும் கொண்டு அளப்பது தமிழ்நாட்டுப் பொறியியற் கலந்தாய்வு. 2007 முதல் அங்கே நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கணக்கிட்டு, 200க்குத் தரவரிசை அமைக்கின்றனர். எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளைத் தமிழ்நாட்டில் பயிலாத தமிழகத்துப் பிள்ளைகள், நேட்டிவிட்டி என வழங்கும் பிறப்பிடச் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஊரிலுள்ள வட்டாட்சியர் அலுவலகத்து வேலை அது; கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதே முடித்து வைப்பது நலம். திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழைப் பற்றி அந்தந்த ஆண்டின் கையேடு என்ன சொல்கிறது என்பதையும் வரிவரியாகப் படித்துக் கொள்ளுங்கள். எவர் வாய்மொழியையும், எங்கள் வாய்மொழியையும்கூட, நம்பி இராதீர்கள்.

மருத்துவம் விரும்புவோர்க்கு ஒரு நற்செய்தி. திறந்தநிலைப் பள்ளியில் பயின்றோர் நீட் எழுதலாகாது என்றிருந்த தடையை 2018இல் டில்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. 2024இல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிள்ளைகளின் உரிமையை உறுதி செய்தது. பழைய செய்தியைக் கேட்டு எவரும் ஆசையை அடக்கிக் கொள்ள வேண்டியதில்லை.

சான்றிதழே இல்லாமல் கதவு திறக்குமா என்று கேட்பீர்கள். மிக அரிதாகத் திறந்ததுண்டு. பள்ளியை விட்டு நின்று வீட்டிலேயே பயின்ற மும்பைப் பெண் ஒருவர், உலகக் கணினி நிரலாக்க ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வென்றார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி. வழி அவருக்கு அடைபட்டது. ஆனால் நாம் மேலே சொன்ன சென்னைக் கணிதவியல் நிறுவனம், அவருடைய அறிவை நேரில் அளந்து, முதுகலை நிலைப் பாடங்களிலேயே அமர்த்திக் கொண்டது. 2016இல், பதினேழாம் வயதில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவரைச் சேர்த்துக் கொண்டது. இதைக் கேட்டு நாம் பெருமைப்படலாம். பின்பற்றும் திட்டமாகக் கொள்ளுதல் தகாது. நம் பிள்ளைகளுக்குச் சான்றிதழும் வேண்டும், அறிவும் வேண்டும்.

மூன்றாம் கேள்வி: "அங்கே நான் யாரோடு இருப்பேன்?" இதைக் கேட்டபோது எங்கள் உள்ளம் சற்றே கலங்கியது. வீட்டில் இருந்தபடியே பட்டம் பெறும் வழிகளும் இன்று உள்ளன. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை, சில வாரப் பாடங்களைப் பயின்று தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். நல்ல படிப்பு. அவளை அருகிலேயே வைத்துக் கொள்ளலாம் என்னும் ஆசையால் நாங்கள் அதனைச் சொன்னோம். அவளோ, "ஏழு ஆண்டுகள் வீட்டில் படித்தேன், இனி ஆய்வுக்கூடத்தில் நான்கு பேரோடு நின்று படிக்க வேண்டும்" என்றாள். வீட்டுப் படிப்பு அவளுக்கு வேண்டியிருந்தது. அது போதும் என்று அவளே அறிந்தாள். பெற்றோரின் பற்றுக்காகப் பிள்ளையின் படிப்பை வீட்டோடு கட்டி வைத்தல் அறமாகாது. மற்றொரு பிள்ளைக்கு வீடே பொருந்தலாம். கேட்டால்தான் தெரியும்.

இந்த மூன்று கேள்விகளால் சலித்தபோது பதினெட்டில் நான்கே எஞ்சின. அவள் இரண்டைச் சேர்த்தாள், ஆறாயின. கிடைப்பது அரிது என்பவை இரண்டு. முயன்றால் கிடைக்கும் என்பவை இரண்டு. உறுதியாகக் கிடைக்கும், ஆனால் சேர்ந்தால் வருந்த மாட்டாள் என்பவை இரண்டு. ஓராண்டு பொறுத்து அடுத்த தேர்வை எழுதினாள். இன்று தனித்தேர்வால் மாணவரைத் தெரிவு செய்யும் அறிவியல் நிறுவனம் ஒன்றில் உயிரியல் பயில்கிறாள். அந்த ஆறில் அவளுடைய மூன்றாம் விருப்பம் அது. மகிழ்ச்சியாக இருக்கிறாள். பறவைக் குறிப்பேடுகளை எடுத்துச் சென்றிருக்கிறாள். முதல் தேர்வில் மூன்று மணி நேரம் அசையாமல் அமர்ந்து எழுதக் கை வலித்தது என்று கடிதம் வந்தது. அந்தப் பழக்கத்தையும் நாங்கள் கொடுத்தனுப்பியிருக்க வேண்டும்.

நிற்க. வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அரசர்க்குச் சொன்னது எனினும் பெற்றோர்க்கும் பொருந்தும். நாங்கள் தெரிந்து கொண்டதைச் சுருக்கிச் சொல்கிறோம். பிள்ளைக்குப் பதினான்கு வயது ஆகும்போதே, விரும்பும் படிப்பிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பாடங்களைத் தெரிவு செய்யுமுன் கல்லூரிக் கையேட்டைப் பாருங்கள். படிப்பு மையத்தைக் குறிக்குமுன் மாநிலத்தை நினையுங்கள். ஐயம் எழுந்தால் எழுதிக் கேளுங்கள், மறுமொழியைப் பத்திரப்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பிள்ளையைக் கேளுங்கள்.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். இந்தக் குடியிருப்பில் இப்பொழுது மேலும் மூன்று இல்லங்களில் பிள்ளைகள் வீட்டிலேயே பயில்கின்றனர் என்று அறிகிறோம். நம் நூலகத்தில் ஓர் அடுக்கை ஒதுக்கித் தாருங்கள். அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேடுகளும், கல்லூரிகள் எழுதிய மறுமொழிக் கடிதங்களும் அங்கே இருக்கட்டும். எங்களிடம் உள்ள கடிதங்களை முதற்காணிக்கையாகத் தருகிறோம். ஓய்வு பெற்ற வேதியியல் அறிஞர்களும் பொறியாளர்களும் நம்மிடையே பலர் உள்ளனர். வாரம் ஒருநாள் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிச் செய்முறைப் பயிற்சி அளித்தால், தனியே பயிலும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அரை நிமிடத்தில் நாங்கள் செய்த பிழையை இந்த மூன்று இல்லத்தாரும் செய்யாதிருந்தால், எங்கள் மகள் காத்திருந்த ஓராண்டு வீண் போகவில்லை என்று ஆறுதல் கொள்வோம்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!